பதினொரு மணிப் பெரட்டு

பாதி வாழ்நாள் தோட்டத்து லய வீடுகளின் சிமெண்டுத் தரையில் படுத்துக் கிடந்தவர்களைப் பங்கோர் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மணலில் படுக்க வைக்கப் போவதாகப் பல் டாக்டர் சிவபிரகாசம் அறிவித்தபோது, வாட்சப்பில் கைதட்டும் படம் போட்டவர்கள் பத்தொன்பது பேர். நான் போடவில்லை. கூடாரம், சைக்கிள், கடற்காற்று, டச்சுக்காரன் கோட்டை என்று நீளமாக எழுதியிருந்தார். இந்த ஐம்பத்தெட்டு வயதில் ஒரு நல்ல மெத்தையில் படுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வருடம் உழைத்தேன் என்று பதில் எழுதி, பிறகு அழித்துவிட்டேன்.

எங்கள் தோட்டம் சுங்காய்க்கு உள்ளே ஏழாவது மைலில் இருந்தது. செட்டியார் தோட்டம் என்பார்கள். இப்போது இல்லை. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனையை வெட்டிவிட்டு வீடு கட்டினார்கள். நாங்கள் ஈப்போ, பத்து காஜா, சித்தியவான் என்று ஆளுக்கொரு பக்கம் போய்ச் சேர்ந்தோம். நான் ஈப்போவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறேன், பன்னிரண்டு பேருக்கு மேற்பார்வை. சிவபிரகாசம் எங்கள் தோட்டத்துக் கிராணியின் மகன். கிராணி என்றால் காலையில் பேர் வாசித்து, யார் வேலைக்கு வந்தார்கள் என்று எழுதுகிறவர். செட்டியாருக்குத் தூரத்துச் சொந்தம். மகன் ஏழு வயதிலேயே படிக்க ஈப்போவுக்குப் போய்விட்டார். விடுமுறைக்கு வந்தால் பங்களா ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்திருப்பார், அவ்வளவுதான். அவர்தான் இப்போது ‘தோட்டத்து வேர்கள்’ என்று குழு நடத்துகிறார். வேர் அவருக்கு, அதைச் சுற்றிப் புல் பிடுங்கியது நாங்கள்.

ஆனாலும் போனேன். காளியம்மாவால் போனேன்.

காளியம்மாவும் நானும் எதிரெதிர் வீடு. பதினாறு வயதில் ஒரே நாளில் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர்கள். இப்போது அவள் பத்து காஜாவில் மகனோடு இருக்கிறாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவள். சர்க்கரை வியாதிக்குத் தினமும் நடக்கச் சொன்னார்கள். முழங்கால் வலி என்று இவள் சைக்கிள் வாங்கிவிட்டாள். ஐம்பத்தேழு வயதில், மகன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, நாலு முறை விழுந்து கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு முறை விழும்போதும் எனக்குப் போன் செய்து சொல்வாள். ஒவ்வொரு முறையும் நான் சிரிப்பேன்.

“கிராணி சைக்கிளுக்கு ஒதுங்கி நின்னது போதும்லா வீரம்மா,” என்றாள், பங்கோருக்குப் பேர் கொடுத்த அன்று. “இப்ப நான் மணி அடிக்கிறேன். அவங்க ஒதுங்கட்டும்.”

தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தது கிராணியும் எங்களை வேலை வாங்கும் தண்டலும்தான். மணிச் சத்தம் கேட்டால் பால் வாளியோடு ஓரமாக நின்று வழிவிட வேண்டும். அதை இவள் இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நான் என்ன சொன்னேன்? “மணி அடிக்கறதுக்குள்ள நீ கீழ கெடப்ப” என்றேன். அந்தப் பேச்சை இப்போது நினைத்துப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை லூமுட்டில் படகேறினோம், இருபத்திரண்டு பேர். எல்லாருக்கும் மஞ்சள் சட்டை கொடுத்தார் டாக்டர். முதுகில் ரப்பர் மரம், அதில் ஒரு கோப்பை, கோப்பையில் சொட்டும் பால். பால் சொட்டும் மரத்தை முதுகில் சுமந்துகொண்டு வெள்ளைக்காரப் பயணிகளுக்கு நடுவே நின்றோம். அவர் சைக்கிளை மட்டும் துணி போர்த்திக் கொண்டு வந்திருந்தார். ஒற்றை விரலால் தூக்கலாம் என்று எல்லாரிடமும் தூக்கிக் காட்டினார். இடுப்புச் சதையைக் குறைக்காமல் சைக்கிள் எடையைக் குறைத்து என்ன புண்ணியம் என்று நான் சதாசிவத்திடம் சொன்னேன். சதாசிவம் எங்கள் தோட்டத்து ஆள்தான், இப்போது சித்தியவானில் ஒரு பள்ளிக்கூடத்துக் காவலாளி. அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

தெலுக் நிப்பா கடற்கரையில் கூடாரம். இரண்டு பேருக்கு ஒன்று. உள்ளே நுழைந்தால் திரும்பிப் படுக்க இடமில்லை, வெளியே வந்தால் குரங்கு. டாக்டர் அடிக்கடி மூச்சை இழுத்துவிட்டு, “இந்த எளிமைதான் நாம தொலைச்சது” என்றார். அவர் தொலைத்திருக்கலாம். எங்களுக்கு அந்த எளிமை வேண்டிய மட்டும் இருந்தது, ஆளுக்கு இரண்டு பங்கு.

அன்று சாயங்காலம்தான் அவர் பெரிய வேடிக்கையை வெளியே எடுத்தார். ஒரு தண்டவாளத் துண்டு. அதைக் கயிறு கட்டி மரத்தில் தொங்கவிட்டு, இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். விடியாத இருட்டில் அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து ஓட வேண்டும் என்று இருந்த உடம்பு இது. சிலர் கண்கலங்கினார்கள். என்னத்துக்குக் கலங்கினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

“பெரட்டு!” என்று கத்தினார் டாக்டர். கையில் அவருடைய அப்பாவின் பழைய செக்ரோல் பேர்ப் பதிவுப் புத்தகம், பிளாஸ்டிக் உறை போட்டு. அதற்குள் எங்கள் பேரைப் புதிதாக அச்சடித்து வைத்திருந்தார். “மூணு நேரம் பெரட்டு இருக்கு. தோட்டத்துல மாதிரியே வரிசையா நின்னு பதில் சொல்லணும். இது வெளாட்டு மட்டும் இல்ல, யாரும் தொலஞ்சி போகாம இருக்கவும்தான்.”

பெரட்டு என்றால் என்ன என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவர் அந்த நேரத்தில் பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். காலை ஐந்தரை மணி. லாந்தர் வெளிச்சத்தில் கிராணி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் வரிசையில் நிற்போம். பேரை மூன்று தரம் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் கோடு கிழித்துவிடுவார். பிறகு ஓடி வந்து காலில் விழுந்தாலும் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

காளியம்மா எப்போதும் பிந்துவாள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். அதற்கு முன் குடித்துவிட்டுக் கிடக்கும் புருஷனிடமிருந்து தப்பி வர வேண்டும். அவள் பேர் வரும்போது அவள் பாதையில் ஓடி வந்துகொண்டிருப்பாள். நான் பின்வரிசையில் நின்று, தலையைக் குனிந்து, குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி, “இருக்கேங்க” என்பேன். கிராணி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார். எழுதிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். இப்படி எத்தனை நூறு விடியற்காலை. ஒரு நாளும் பிடிபட்டதில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கெட்டிக்காரத்தனம் என்று ஒன்று இருந்தால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தீவைச் சுற்றி சைக்கிள் பயணம். தெலுக் நிப்பாவில் புறப்பட்டு, தெலுக் டாலாம் வழியாக மேடேறி இறங்கி, சுங்கை பினாங், பங்கோர் டவுன் கடந்து, பதினொரு மணிக்குக் கோட்டையில் பெரட்டு. சைக்கிள் ஓட்டாத நாலு பேர் சாப்பாட்டோடு வேனில் போவது. அதில் நான் ஒருத்தி. தீவில் ஓடுகிற வேனெல்லாம் ரோஸ் கலர். எங்கள் வேனை ஓட்டியவர் பாக் மாட் என்ற மலாய்க்காரர்.

ஆறரை மணிப் பெரட்டு முடிந்ததும் பசியாறல் என்று சொல்லியிருந்தார் டாக்டர். அதை நம்பிக் காளியம்மா சர்க்கரை ஊசி போட்டுக்கொண்டாள். இவர் பேர் வாசித்துவிட்டு, தோட்டத்து வாழ்க்கையின் அருமை பெருமை பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். தலைவர் ஆகிவிட்டால் வாய் மூடாது போலிருக்கிறது. பேச்சு முடிந்ததும் நான் ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காளியம்மா வந்து நின்றாள். மஞ்சள் சட்டை, உடம்போடு ஒட்டிய கறுப்புக் காற்சட்டை, தலையில் தொப்பி. சந்தோஷமாக இருந்தாள். அந்தச் சந்தோஷம் எனக்கு ஏன் குத்தியது என்று தெரியவில்லை.

“பேரப்புள்ள எடுத்தவ, இந்தக் கோலத்த யாருக்குக் காட்டப் போற?” என்றேன், நாலு பேர் காதில் விழும்படி. “ஒம்புருஷன் இருந்திருந்தா இப்படிக் கெளம்புவியா?”

சிலர் சிரித்தார்கள். காளியம்மா சிரிக்கவில்லை. கையில் எடுத்த ரொட்டியைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

“அவன் இருந்திருந்தா நான் சைக்கிள் இல்ல, வாசப்படிகூடத் தாண்டியிருக்க மாட்டேன். உனக்குத் தெரியாதா?” என்றாள். “உங்கையால ஒண்ணும் வேணாம் போ.”

போகும்போது தன் கைத்தொலைபேசியை மட்டும் என் பையில் போட்டுவிட்டுப் போனாள். அந்தக் காற்சட்டையில் பை இல்லை. ஊசி போட்டவள் சாப்பிடாமல் போகக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கூப்பிட்டிருக்கலாம். வழியில் யாராவது ஏதாவது கொடுப்பார்கள், வேண்டுமென்றால் கேட்டு வாங்கித் தின்னட்டும் என்று விட்டுவிட்டேன். கோபம் அவளுக்கு மட்டும்தான் வருமா?

பதினெட்டு பேரும் மணியடித்துக்கொண்டு புறப்பட்டார்கள். டாக்டர் முதலில். கடைசி ஆளாக வந்து, பிந்துகிறவர்களைப் பார்த்துக்கொள்வது சதாசிவத்தின் பொறுப்பு. எங்கள் வேன் பாசிர் போகாக் வழியாக எதிர்ப்பக்கம் போய்ப் பத்து மணிக்குள் கோட்டை வாசலில் நின்றது.

கோட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டச்சுக்காரன் ஈயம் அடுக்கி வைக்கக் கட்டியது. கூரையில்லாத செங்கல் சுவர்கள், நடுவே புல். அவ்வளவுதான். எங்கள் லயத்தை இடித்த அன்று இதைவிட அதிகமாகச் சுவர் நின்றது. அதன் முன்னால் யாரும் பலகை வைத்து வருஷம் எழுதவில்லை, யாரும் வந்து படம் பிடிக்கவில்லை. நான் நிழலில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலங்களை எண்ணி அடுக்கினேன். காளியம்மாவுக்குச் சோறு குறைத்து, முட்டை கூடுதலாக வைத்து, ரப்பர் வளையத்துக்குப் பதில் சிவப்புக் கயிறு கட்டிய பொட்டலம் தனியாக இருந்தது. அதை நான்தான் முந்தின நாளே கடையில் சொல்லிக் கட்ட வைத்திருந்தேன்.

பத்தேகாலிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கி, ஏதோ நாட்டைப் பிடித்தவர்கள் மாதிரி. சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்கள், சுவரில் சாய்ந்தார்கள், படம் எடுத்தார்கள். சதாசிவமும் வந்துவிட்டான். காளியம்மாவைக் காணவில்லை. வழியில் காளியம்மன் கோயில் இருக்கிறது, அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்று வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தாள். சாமியிடம் என்னைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

சரியாகப் பதினொரு மணிக்கு டாக்டர் தண்டவாளத் துண்டை அடித்தார். அதையும் வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தோம், வேறு வேலை இல்லாமல். கோட்டைக்குள் வரிசையாக நின்றோம். சுற்றுலா வந்த சீனக் குடும்பம் ஒன்று எங்களைப் படம் பிடித்தது. டாக்டர் கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, புத்தகத்தைப் பிரித்து, அப்பாவைப் போலவே மூக்கால் பேர் வாசித்தார்.

“சதாசிவம்.”

“இருக்கேன் டாக்டர்.”

“சரளா.”

“இருக்கேன்.”

“காளியம்மா.”

ஒரு சத்தமும் இல்லை.

“காளியம்மா.”

இரண்டாவது தரம். நான் பின்வரிசையில், பொட்டலங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்றாவது தரம் கூப்பிட்டால் கோடு. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. தோட்டம் இல்லை, கிராணி இல்லை, கோடு விழுந்தால் போவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் என் தலை தானாகக் குனிந்தது. குரல் தானாகத் தடித்தது.

“இருக்கேங்க.”

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. ‘டிக்’ போட்டார். அடுத்த பேர் வாசித்தார்.

சதாசிவம் மட்டும் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? படித்துப் பட்டம் வாங்கி, ஊர் வாயையெல்லாம் திறந்து பார்க்கிறவர், கடைசியில் அப்பனைப் போலவே புத்தகத்தைத்தான் பார்க்கிறார், ஆளைப் பார்ப்பதில்லை. காளியம்மா வந்ததும் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். காலையில் நடந்த சண்டை இதோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

பெரட்டு முடிந்ததும் பாக் மாட் வந்து மலாயில் கேட்டார், எல்லாரும் வந்துவிட்டார்களா, இல்லை மேட்டுப் பக்கம் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்து வரட்டுமா என்று. டாக்டர் புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். “சுக்குப்,” என்றார். போதும், ஆள் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பாக் மாட் மரத்தடியில் வேனை நிறுத்திச் சாய்ந்துகொண்டார்.

எல்லாரும் சாப்பிட்டார்கள். டாக்டர் மறுபடியும் பேசினார். சாப்பிட்ட இலையை மடித்துப் பையில் போட்டுக் கட்டும்போது பார்த்தேன், சிவப்புக் கயிறு கட்டிய பொட்டலம் அப்படியே இருந்தது. மணி பன்னிரண்டே கால். கோயிலில் ஒன்றரை மணி நேரமா கும்பிடுவாள்?

“சதாசிவம், காளியம்மாவ எங்க பார்த்த?”

“மேட்டுல, அக்கா. பாதி மேட்டுல எறங்கி ஒக்காந்திருந்தாங்க. தலை சுத்துது, நீ போ, நான் தள்ளிக்கிட்டே மெதுவா வாரேன்னாங்க.”

“விட்டுட்டு வந்துட்டியா? கடைசியா வாறது நீதானே?”

“கீழ எறங்கி ரொம்ப நேரம் நின்னேன்லா. சரி, பெரட்டுல தெரிஞ்சிடும்னு வந்தேன். அப்புறம் நீங்க பதில் சொன்னீங்க. வந்துட்டாங்க, இங்கதான் எங்கியோ இருக்காங்க, சும்மா வெளாடுறீங்கன்னு நெனச்சேன்.”

டாக்டரிடம் ஓடினேன். காளியம்மா இல்லை, மேட்டிலேயே நின்றுவிட்டாள், வேனை எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் அமைதியாகப் புத்தகத்தைப் பிரித்தார்.

“இல்லியேக்கா. பதினோரு மணிக்கு இருந்தாங்க. இங்க பாருங்க, டிக் இருக்கு.”

“நான்தான் சொன்னேன் தம்பி.”

“என்ன சொன்னீங்க?”

“அவ பேருக்கு நான் பதில் சொன்னேன். தோட்டத்துல சொல்ற மாதிரி.”

“அப்படியெல்லாம் தோட்டத்துல யாரு சொல்லுவா?” என்றார் அவர். மஞ்சள் சட்டை போட்ட இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள். இருபது பேருக்கும் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது. வேறொரு நாளாக இருந்தால் அந்த முகத்தைப் பார்த்து ஒரு வாரம் சிரித்திருப்பேன்.

பாக் மாட் வேனை விரட்டினார். டாக்டர் முன்னால், நானும் சதாசிவமும் பின்னால். போகிற வழியில் கோயிலில் இறங்கிப் பார்த்தோம். யாருமில்லை. சுங்கை பினாங் தாண்டி மேடு ஆரம்பித்தது. நல்ல வெயில். நான் ஜன்னலில் தலையை நீட்டி, “காளியம்மா! காளியம்மா!” என்று கத்திக்கொண்டே போனேன். பதில் சொல்ல யாருமில்லாத பேரைக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பாக் மாட்தான் பார்த்தார். மேட்டுக்கு அந்தப் பக்கம், இறக்கத்தில், புல்லுக்கு மேலே சைக்கிள் சக்கரம் ஒன்று தெரிந்தது. சாலையோரம் ஆழமான லோங்காங், சிமெண்டு வாய்க்கால். அதற்குள் சைக்கிளுக்கு அடியில் கிடந்தாள். மஞ்சள் சட்டை சேறாகியிருந்தது. கணுக்கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்துச் சதாசிவம் கண்ணை மூடிக்கொண்டான். முகத்தில் எறும்பு ஊர்ந்தது. உடம்பெல்லாம் வேர்த்துச் சில்லென்று இருந்தது.

டாக்டர் கன்னத்தைத் தட்டினார். “சர்க்கரை எறங்கிடுச்சி, இனிப்பு ஏதாவது இருக்கா?” என்று கத்தினார். பாக் மாட் வேனிலிருந்து தன் சிரப் தண்ணீர்ப் பொட்டலத்தை எடுத்து வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் விட்டோம். முதலில் வழிந்தது. பிறகு விழுங்கினாள். விழுங்குகிற சத்தத்தைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

வேனில் அவள் தலையை என் மடியில் வைத்திருந்தேன். கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது இதுதான்:

“பதினோரு மணி ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சி.”

“தள்ளிக்கிட்டு வந்தப்ப தலை சுத்தி விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல. கத்திப் பார்த்தேன். ரோட்டுல காடி போவுது, யாருக்கும் கேக்கல. அப்புறம் நெனச்சேன், பதினோரு மணிக்குப் பேரு வாசிப்பாங்கல்ல. வாசிச்சா நான் இல்லன்னு தெரிஞ்சிடும், தேடி வந்துடுவீங்க. அதுவரைக்கும் கண்ண மூடக் கூடாதுன்னு முழிச்சிக்கிட்டே கெடந்தேன். அப்புறம் முடியல.”

டாக்டர் முன்சீட்டிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மடியில் இருந்த அப்பாவின் புத்தகத்தை எடுத்துக் காலுக்குக் கீழே வைத்தார். இவரைப் பற்றி எனக்கு எத்தனையோ இளக்காரம் இருந்தது. அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவர் புத்தகத்தை நம்பியவர். அந்தப் புத்தகத்தில் பொய் எழுத வைத்தது நான்.

தீவின் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி, காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, படகில் அனுப்பினார்கள். மூன்று மணிக்கெல்லாம் கரையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தோம். எக்ஸ்ரேக்கு வரிசை. சக்கர நாற்காலியில் காலை நீட்டி அவள், பக்கத்துப் பெஞ்சில் நான். மகன் பத்து காஜாவிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவன் வந்த பிறகு சொல்லலாம் என்று பார்த்தேன். அவனை நடுவில் வைத்துக்கொண்டால் எனக்குச் சுலபம். அதனாலேயே அவன் வருவதற்குள் சொன்னேன்.

“காளியம்மா, பேரு வாசிச்சப்ப நான் பதில் சொல்லிட்டேன். உம்பேருக்கு.”

அவள் என்னையே பார்த்தாள்.

“நீ கோயில்ல இருக்கன்னு நெனச்சேன். வாய் தன்னால சொல்லிடுச்சி.”

“அப்ப நான் அங்க கெடக்கறப்ப...”

“ஆமா.”

“நான் முழிச்சிக்கிட்டு இருந்தப்ப...”

“ஆமா.”

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

“காலையில எல்லார் முன்னாலயும் கேட்டியே, யாருக்குக் காட்டப் போறன்னு. உனக்குத்தான்டி காட்டணும்னு வந்தேன். மேடு ஏறி எறங்கிக் கோட்ட வாசல்ல வந்து மணி அடிக்கணும்னு இருந்தேன்.”

அவள் சட்டையில் காய்ந்திருந்த சேற்றைத் தட்டிவிடக் கை நீட்டினேன்.

“இனிமே எம்பேருக்கு நீ வாயத் தொறக்காத,” என்றாள்.

“சரி.”

எக்ஸ்ரே அறையின் கதவு திறந்தது. தாதி ஒருத்தி கையில் அட்டைக் கட்டோடு வந்து, தலையைத் தூக்காமல் வாசித்தாள்.

“காளியம்மா.”

அந்தக் கூட்டத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. காளியம்மா சுவரைப் பார்த்தபடியே இருந்தாள், கண்ணை மூடியிருந்தாள்.

“காளியம்மா,” என்றாள் தாதி, இரண்டாவது தரம்.

என் வாய் திறந்துவிட்டது. நாக்கு எழுந்துவிட்டது. பல்லைக் கடித்து மூடிக்கொண்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட, தாதி அவள் அட்டையைக் கட்டின் அடியில் செருகப் போனாள். நான் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இருக்கேன்,” என்றாள் காளியம்மா.

மெல்லிய குரல், கொஞ்சம் உடைந்த குரல். தடிப்பே இல்லை. அத்தனை விடியற்காலையும் நான் அவள் குரல் என்று சொன்னது அவள் குரலே இல்லை. தாதி தலையைத் தூக்கி, யார் என்று பார்த்து, வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். கதவு மூடியது. நான் அவளுடைய கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன்.